அம்பு காட்டும் பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் அறையில் நாத்தனார் இருக்கிறாள். "அண்ணி, உங்க டேபிள் ரொம்ப வசதியா இருக்கு" என்று காலையில் சொன்னாள். எனக்கும் தெரியும். நான் பல வருடம் உட்கார்ந்து அதை வசதியாக்கி வைத்திருந்தேன்.

அவள் வேலை பார்த்த ஆய்வகத்தை மூடிவிட்டார்கள். எங்கள் நிறுவனத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. தனி வீடு கிடைக்கும்வரை எங்களோடு இருப்பாள். எல்லாம் நியாயம்தான். நியாயமான விஷயங்களில் உள்ள தொல்லையே அதுதான், வாயைத் திறந்து புகார் சொல்ல முடியாது.

இவர் தங்கையைப் "பாப்பா" என்கிறார். பாப்பாவுக்கு நாற்பத்து மூன்று வயது, காதோரம் நரை. நான் அவளை எப்படியும் கூப்பிடுவதில்லை. "இங்க பாரு" என்று ஆரம்பித்துவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படியே காலம் ஓடிவிட்டது.

இன்று அவளுக்கு வேலையில் முதல் நாள். லேசர் அறைக்குள் நான் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிற்கிறேன், எதிரே இயக்குநர், பக்கத்தில் பாலிஷ் பிரிவின் ஆட்கள். வாசலிலிருந்து ஒரு குரல்: "அண்ணி!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருடம் நான் அங்கே "மேடம்".

மார்ச் 7, வெள்ளி

பாலிஷ்காரர் இன்று என்னை "அண்ணி மேடம்" என்றார். வேண்டுமென்றேதான்.

மார்ச் 15, சனி

பெரிய லேசரின் கடைசி ஜன்னல், அதாவது ஒளி வெளியே வரும் கண்ணாடி, மறுபடியும் போய்விட்டது. கழற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். எத்தனை முறை பார்த்தாலும் இந்த ஒன்று எனக்குப் பழகவில்லை: ஒளி நுழையும் பக்கம் பளபளவென்று அப்படியே இருக்கிறது, வெளியேறும் பக்கத்தில்தான் குழி விழுந்திருக்கிறது. முதலில் ஊசிமுனையளவு. அடுத்தடுத்த ஷாட்டில் அது பெரிதாகிக்கொண்டே போகும். குழி விழுந்த கண்ணாடி தன்னால் ஆறுவதில்லை.

காரணமும் தெரிந்ததுதான். கண்ணாடியை அரைத்து பாலிஷ் போடும்போது அரைத்த கீறல்கள் முழுசாகப் போவதில்லை. மேலே ஒரு மெல்லிய தோல் படிந்து மூடிவிடுகிறது. பார்த்தால் குறையே தெரியாது. லேசர் பாயும்போது ஒளி அந்தக் கீறலில் மாட்டி, சூடேறி, வெடிக்கிறது. அதனால்தான் என் பாலிஷ் முறை. ஒவ்வொரு கட்டத்திலும் பொடியின் துகள் அளவைக் குறைத்து, முந்தின கட்டத்தின் கீறல் முழுதும் போகும்வரை பொறுமையாக வழிப்பது. பன்னிரண்டு வருட வேலை. எட்டு ஜூல்வரை தாங்கும். இந்த ஜன்னலும் என் முறையில் செய்ததுதான். லேசரின் சக்தியை இப்போது கூட்டியிருக்கிறார்கள், எட்டு போதவில்லை.

கூட்டத்தில் நாத்தனார் கை தூக்கினாள். "ஆசிட்ல நனைச்சுப் பார்க்கலாமே. மூடியிருக்கிற கீறலை ஆசிட் திறந்துவிட்டுடும். திறந்துட்டா ஒளி மாட்டாது."

நான் சொன்னேன்: "மத்தவங்க செஞ்சு பார்த்திருக்காங்க. கரைஞ்ச அழுக்கு திரும்பப் படிஞ்சு இன்னும் சீக்கிரம் உடையுது."

"கழுவுறதுலதான் இருக்கு அண்ணி. நாங்க கழுவக் கத்துக்கிட்டோம்."

கழுவக் கத்துக்கிட்டோம். எவ்வளவு அடக்கம்.

இயக்குநருக்கு ஒரே உற்சாகம். ஒரு சாம்பிளில் செய்து பார்க்கட்டும், அது தாங்கினால் அடுத்த ஜன்னல் அவள் முறையில், இல்லையென்றால் பழையபடி என் முறையில். யார் சோதிப்பது? "நீங்களே சோதிங்க மேடம். வீட்டு ஆளாச்சே, சண்டை வராது."

வெளியே வரும்போது பாலிஷ்காரர் மெதுவாகக் கேட்டார். "மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்ங்கிறாங்க. நாத்தனார் உடைச்சா என்ன குடம் மேடம்?"

"கண்ணாடிக் குடம்" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 24, திங்கள்

மகள் மேல்படிப்புக்கு என்ன எடுப்பது என்று ஒரு மாதமாக என்னிடம் வாய் திறக்கவில்லை. இன்று அத்தையிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். என் அறையில், என் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு. வாசலில் துணி மடிக்கிற சாக்கில் நின்று கேட்டேன்.

"அம்மாகிட்ட கேட்டியா?" என்றாள் நாத்தனார்.

"அம்மா பதில் சொல்ல மாட்டாங்க அத்தை. 'யோசிச்சு செய்'ன்னு சொல்வாங்க. யோசிச்சதாலதானே கேக்கறேன்."

சாப்பிடும்போது இவர் தங்கையின் தட்டைப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினார். வரலாற்று ஆசிரியர், பிள்ளைகளிடம் கத்திக் கத்தித் தொண்டை போனவர், வீட்டில் இத்தனை பேசி நான் பார்த்ததில்லை. "பாப்பா வந்ததுலேர்ந்து வீடே கலகலன்னு இருக்கு, இல்ல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். முன்பு எப்படி இருந்ததாம்?

பாதியில் எழுந்துவிட்டேன். என்ன என்று கேட்டார். "வயிறு எரியுது" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் போய் மாத்திரை எடுத்து வந்து தந்தார், தண்ணீரோடு.

விழுங்கினேன். வேறென்ன செய்வது?

ஏப்ரல் 2, புதன்

சாம்பிள் வந்துவிட்டது. கைக்குள் அடங்கும் வட்டக் கண்ணாடி. இரண்டு முகமும் நம் ஆட்கள் என் முறையில் பாலிஷ் போட்டது. ஒரு முகத்தை மட்டும் அவள் அமிலத்தில் நனைத்திருக்கிறாள், மறுமுகம் மெழுகுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. ஒளி வெளியேறும் பக்கம்தானே உடையும், அதனால் நனைத்த முகம் வெளியேறும் பக்கமாக இருக்க வேண்டும். விளிம்பில் பென்சிலால் ஓர் அம்பு போட்டிருந்தாள்.

வெறும் கண்ணுக்கு இரண்டு முகமும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. மைக்ரோஸ்கோப்பில் நனைத்த முகத்தைக் காட்டினாள். அம்மை போட்டு ஆறின கன்னம் போல இருந்தது. நான் வருடக்கணக்காக மறைத்த ஒவ்வொரு கீறலும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"அசிங்கமா இருக்குல்ல?" என்றாள், பெருமையாக.

"இருக்கு."

"ஆனா தாங்கும் அண்ணி."

பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்று நான் சொன்ன தொனி எனக்கே பிடிக்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

உடைந்தது!

சாம்பிளை அம்பு காட்டியபடி பொருத்தினேன். எப்போதும் செய்வது போலச் சின்ன சக்தியில் ஆரம்பித்து, இடம் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போனேன். எட்டு ஜூலில் திரையில் அந்த வெள்ளைப் பொட்டு, குழி விழுந்ததன் அடையாளம். அடுத்த இடத்திலும் எட்டு. அதற்கடுத்ததிலும். அச்சு அசலாக என் பாலிஷின் எண். அமிலம் கெடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை, வீண் வேலை.

நாத்தனார் எண்களைப் பார்த்தாள். "மறுபடி ஒண்ணு செய்யலாமா அண்ணி?" என்றாள் கடைசியில். அதற்கு நேரம் இல்லை என்றார் இயக்குநர். திங்கட்கிழமை அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள், பழைய முறையிலேயே ஜன்னல் செய்துவிடலாம் என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் நல்ல காபித் தூள் வாங்கினேன். இரவு அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். இவர் அவள் கதவருகே போய்ப் போய் நின்றார். நான் வயிறாரச் சாப்பிட்டேன். எழுதுவதற்குத்தான் வெட்கமாக இருக்கிறது, சாப்பிடும்போது இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

சமையலறைக் குடிநீர் ஃபில்டரின் உள்பாகத்தை மாற்ற வேண்டியிருந்தது. நாத்தனார் புதியது வாங்கி வந்து, எந்தப் பக்கம் எப்படி என்று அதன்மேல் மார்க்கரில் அம்பு போட்டு வைத்திருந்தாள். இவர் மாட்டினார். குழாயைத் திறந்தால் சொட்டுகூட வரவில்லை, பக்கவாட்டில் பீய்ச்சி இவர் சட்டையெல்லாம் நனைந்தது.

"பாப்பா, நீ போட்ட அம்புப்படிதானே மாட்டினேன்?"

"தலைகீழா மாட்டியிருக்கீங்கண்ணா."

"அம்பு இப்படிக் காட்டுது. தண்ணி இப்படிப் போகுது. சரிதானே?"

"இல்லண்ணா. அம்பு தண்ணி வர்ற பக்கத்தைக் காட்டும். இந்த முகத்தை வர்றதுக்குக் காட்டுன்னு அர்த்தம். எங்க பழைய லேப்ல எல்லாத்துக்கும் அப்படித்தான் போடுவோம்."

"நல்லா போட்டீங்க. அதான் உங்க லேபையே மூடிட்டாங்க" என்றார் இவர். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நாத்தனாரும் சிரித்தாள், செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக.

நான் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் ஆய்வகத்தில் அம்பு என்றால் ஒளி போகும் திசை. யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அம்பு என்றால் அதுதானே?

அவளுக்கு இது தோன்றவில்லை. எனக்குத் தோன்றிவிட்டது.

ஏப்ரல் 11, வெள்ளி

எல்லோரும் போன பிறகு சாம்பிளை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். குழிகள் எந்த முகத்தில்?

வழவழப்பான முகத்தில். ஒரு தழும்பும் இல்லாத, என் முகத்தில்.

அம்மைத் தழும்பு முகத்தில் ஒரு குழிகூட இல்லை. நான் சோதித்தது அவள் வேலையை இல்லை, என் பாலிஷை. அதனால்தான் அச்சு அசலாக என் எண். கையில் விடையை வைத்துக்கொண்டே காபித் தூள் வாங்கியிருக்கிறேன்.

அறிக்கையில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. "அம்புக் குறிப்படி பொருத்தப்பட்டது." உண்மை. "எட்டு ஜூலில் சேதம்." உண்மை. தப்பு அவளுடையதுதானே? புது இடத்துக்கு வந்தவள் கேட்டிருக்க வேண்டாமா? நானும்தான் கேட்கவில்லை. நான் ஏன் கேட்கணும், அது என் லேப். என் லேப், என் டேபிள், என் மகள், என் — சே.

திரும்பப் பொருத்தினாலும் ஒருவேளை எட்டில்தான் உடையுமோ? அப்படி உடைந்தால் நான் வாயே திறக்க வேண்டியதில்லை. யாருக்கும் நஷ்டமில்லை.

நாளை போய்ப் பார்க்கப் போகிறேன். அவளுக்காக இல்லை.

ஏப்ரல் 12, சனி

இரண்டாம் சனி, விடுமுறை. கட்டடத்தில் காவலாளி மட்டும் இருந்தார். சாம்பிளைத் திருப்பிப் பொருத்தினேன், நனைத்த முகம் ஒளி வெளியேறும் பக்கமாக. குழி விழாத இடங்களாகப் பார்த்து ஆரம்பித்தேன்.

எட்டு. ஒன்றுமில்லை.

ஒன்பது. ஒன்றுமில்லை. திரை சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்தேன், செய்கிறது. பத்து. இந்தச் சாதனத்தில் பத்தைத் தாங்கிய கண்ணாடியை நான் பார்த்ததில்லை. உடையட்டும் என்றுதான் ஏற்றினேன், அதை இங்கே எழுதி வைக்கிறேன். ஒவ்வொரு ஷாட்டுக்கும் "இப்ப, இப்ப" என்று வாய்விட்டே சொன்னேன். பன்னிரண்டும் தாண்டியது. பதின்மூன்றில் என் "இப்ப" நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. பதினான்குக்குப் போகும்போது "உடையாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

உடையவில்லை. என் லேசரில் அதற்குமேல் சக்தி இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்தேன். சிரித்தேன் என்று நினைக்கிறேன். பன்னிரண்டு வருடம் ஒரு ஜூலுக்கும் அரை ஜூலுக்கும் நான் பட்ட பாடு! கண்ணெதிரே ஒரு துண்டுக் கண்ணாடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சும்மா நிற்கிறது. அழகாக இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது, சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல.

யாரிடம்? இவரிடம் சொன்னால் "அப்படியா, நல்லது" என்பார். மகள் "சரிம்மா" என்பாள். இயக்குநருக்கு எப்போது ஜன்னல் தயாராகும் என்ற தேதி மட்டும் போதும். எட்டுக்கும் பதினான்குக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஆள் ஒரே ஆள்தான். அவள் என் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

போனை எடுத்தேன்.

"பாப்பா, நான்தான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகுதான் உணர்ந்தேன் என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்று.

"அண்ணி? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. உன் சாம்பிள் பதினாலு தாங்குது. கிளம்பி வா."

வாராத தலையோடு, வீட்டுச் செருப்போடு டாக்சியில் வந்து இறங்கினாள். காவலாளி அவளை உள்ளே விடவே யோசித்தாராம். எண்களைப் பார்த்தாள். அம்பைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு மைக்ரோஸ்கோப்பில் நெடுநேரம் குனிந்திருந்தாள். நிமிராமலேயே கேட்டாள்.

"எப்ப தெரிஞ்சது அண்ணி?"

பொய் சொல்லியிருக்கலாம். "வியாழக்கிழமை. ஃபில்டர் மாட்டினப்போ."

"இன்னிக்கு சனிக்கிழமை."

"ஆமா."

மைக்ரோஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள். பிறகு சொன்னாள்: "நானா இருந்தா திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுட்டு செவ்வாய்க்கிழமைதான் சொல்லியிருப்பேன்."

விளையாட்டுக்குச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தேன். முழுக்க விளையாட்டில்லை.

"உங்களுக்கு என்ன தெரியும்" என்றாள். "வீடு இருக்கு, பொண்ணு இருக்கா, ஒரு லேப் முழுக்க நீங்க சொன்னபடி கேக்குது. நான் நாப்பத்து மூணு வயசுல அண்ணன் வீட்ல, அடுத்தவங்க டேபிள்ல உக்காந்திருக்கேன். உங்க பாலிஷ் பத்திப் பழைய லேப்ல எல்லாரும் பேசுவாங்க. கேட்டாலே எனக்கு எரியும்."

"என்ன எரியும்?"

"வயிறுதான். வேற என்ன?"

ஏப்ரல் 13, ஞாயிறு

நாள் முழுக்கத் தூங்கினேன்.

ஏப்ரல் 21, திங்கள்

அறிக்கையை மாற்றி எழுதினேன், முதல் சோதனையில் சாம்பிளைத் தலைகீழாகப் பொருத்தியதையும் சேர்த்து. கூட்டம் நடந்தது. அடுத்த ஜன்னல் அமில முறையில்.

இயக்குநர் அவள் கையைக் குலுக்கினார். அவள் எழுந்து, "அண்ணியோட பாலிஷ் மேல நனைச்சதாலதான் தாங்குது. சாதாரண பாலிஷா இருந்திருந்தா கீறல் ஆழமா இருக்கும், ஆசிட் தோண்டித் தோண்டிப் பள்ளமாக்கியிருக்கும்" என்றாள். உண்மைதான், நானே சோதித்துப் பார்த்துவிட்டேன். ஆனாலும் அவள் வாயால் கேட்கும்போது, பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவளுக்கு மிச்சத்தை வழித்துப் போட்ட மாதிரி இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? "ஆசிட் ஜன்னல்." அடியில் இருக்கும் பன்னிரண்டு வருடத்துக்குப் பெயர் இல்லை.

இரவு இவர் கேட்டார்: "வயிறு எப்படி இருக்கு?" இருக்கிறது என்றேன்.

இனி எங்கள் ஆய்வகத்தில் அம்பு கிடையாது. ஒளி வெளியேறும் முகத்தின் விளிம்பில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். பாலிஷ்காரர் அதற்கு "நாத்தனார் பொட்டு" என்று பெயர் வைத்துவிட்டார்.

மே 16, வெள்ளி

அவளுக்கு வீடு கிடைத்துவிட்டது. இரண்டு தெரு தள்ளி. பெட்டிகளை ஏற்றி அனுப்பினோம்.

என் மேசை திரும்பக் கிடைத்தது. அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நாற்காலியின் உயரத்தை மாற்றி வைத்திருக்கிறாள். திருப்பி இறக்கலாம் என்று குனிந்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். இந்த உயரத்தில் முதுகு வலிக்கவில்லை. இதை அவளிடம் சொல்லப்போவதில்லை.

மகள் தன் படிப்பு விஷயமாக என்னிடம் வந்தாள். "யோசிச்சு—" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டு, என்ன தோன்றுகிறதோ அதைச் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரம் வாதாடினோம். நன்றாக இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

ஜன்னல் லேசரில் ஏறி ஒரு வாரம் ஆகிறது. முழுச் சக்தியில் ஓடுகிறது. ஒரு குழியும் இல்லை.

பாப்பா இப்போது வேறொன்றில் இறங்கியிருக்கிறாள். பழைய ஜன்னல்களில் விழுந்த குழிகளை இன்னொரு லேசரின் சூட்டால் மெல்ல உருக்கி, விளிம்பை வழவழப்பாக்கிவிட்டால், குழி இருந்தாலும் அதற்குமேல் பெரிதாகாது. கண்ணாடியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இரண்டு மாதமாக அவளும் நானும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம், பாதிப் பேச்சு சண்டை. சூடு அதிகம் என்பேன், குறைவு என்பாள்.

இன்று காலை முதல் குழி உருகிச் சரியாக வந்துவிட்டதாம். எனக்கு எப்படித் தெரியும்? மதியம் பாலிஷ்காரர் தேநீர்க் கோப்பையோடு வந்து, "பார்த்தீங்களா அண்ணி மேடம்? என்னமா வந்திருக்கு. காலையிலேயே கூப்பிட்டுக் காட்டினாங்களே" என்றார்.

காலையிலேயே. கூப்பிட்டு. அவருக்கு.

நான் ஆய்வகத்தில் என் அறையில்தான் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. பாலிஷ் பிரிவுக்குப் போக வேண்டுமானால் என் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போயிருக்கிறாள்.

மூன்று மணிக்கு வந்து காட்டினாள். நன்றாக வந்திருந்தது. "ம்" என்றேன்.

"என்ன அண்ணி, வெறும் ம்?"

"எல்லாரும் பார்த்தாச்சு போலிருக்கே."

அவள் ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் ஒன்றும் இல்லை.

இரவு சாப்பிடும்போது தட்டில் கையை அளைந்துகொண்டிருந்தேன். இவர் எழுந்து போய் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"பாப்பா மேலதான் சரியாயிடுச்சேன்னு நெனச்சேன்" என்றார். "இந்தத் தடவை யார் மேல?"

இத்தனை நாள் தெரிந்துகொண்டேதான் மாத்திரை கொடுத்திருக்கிறார், அழுத்தக்காரர்.

"பாலிஷ்காரர் மேல" என்றேன்.